திருநம்பிக்கு ஐசி (அடையாள அட்டை), கிளினிக், வீட்டு உறுதி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்கெங்கே தட்டுது?

வாவிக்கரை

திருநங்கையரை ஊருக்குத் தெரியும். ஏசுகிறவனும் தெரிந்துதான் ஏசுகிறான். திருநம்பி என்றொருவர் இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. பெண் பிள்ளை என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவர் என்று விளக்கினாலும், "அது டொம்போய் புள்ளதானேகா, கலியாணம் முடிச்சா எல்லாம் சரி வரும்" என்று கதையை மூடிவிடுவார்கள். அதனால் இந்தப் பக்கம் வருகிற ஒதுக்கல் முக்கால்வாசியும் நம்பாமைதான். கவுண்டரில் ஐசியைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுகா ஐசியைப் பார்க்கிறது. எந்த வார்டு என்று அரை மணித்தியாலம் வாசலில் நிற்க வைக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் கலியாணத் தரகர் வந்து போகிறது.

இதெல்லாம் ஒரே இடத்தில் கிடக்கட்டும் என்று இழையைத் தொடங்கினேன். கந்தோர், கிளினிக், வீடு, பொலிஸ், எதில் அனுபவமுள்ளவரும் எழுதலாம். சொந்தக் கதை வேண்டாம், யாருடைய பெயரும் வேண்டாம். எந்தக் கடதாசி, எந்த ஒழுங்கு, எங்கே பிழைக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

கச்சேரிக்காரன்

கடதாசியில் ஒழுங்குதான் முக்கியம். முதலில் பாலின அங்கீகாரச் சான்றிதழ். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயரும் பாலும் திருத்த வேண்டும். அதை வைத்து ஐசி. பாஸ்போட், சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி, வாக்காளர் இடாப்பு, ஊழியர் சேமலாப நிதி எல்லாம் ஐசிக்குப் பிறகு. நடுவில் ஒரு படியைத் தாண்டி வங்கிக்கு ஓடினால் வெறுங்கையோடு கிறுகி வர வேண்டியதுதான்.

2016 இல் இதற்கு இரண்டு சுற்றுநிருபம் வந்தது. சுகாதார அமைச்சின் பொதுச் சுற்றுநிருபம் 01-34/2016, பதிவாளர் நாயகத்தின் சுற்றுநிருபம் 06/2016. இந்த இரண்டு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கிற உத்தியோகத்தருக்கு இப்படியான விண்ணப்பம் அடிக்கடி வராது. "அப்படியொன்று இல்லை" என்று அவர் சொல்வது பல நேரம் வெறுப்பில் இல்லை, கோப்பைக் காணாததில். இலக்கத்தைச் சொன்னால் தேடுவார். சொல்லாவிட்டால் கொழும்புக்குக் கேட்டு எழுதுகிறோம் என்பார், அதற்குப் பிறகு மாதக்கணக்கு.

சான்றிதழை நிரப்பிக் கையொப்பமிடுகிறவர் மனநல வைத்திய நிபுணர். அந்தப் படிவத்தை நீங்களும் ஒருமுறை நிறுத்தி வாசியுங்கள். ஹோர்மோன் சிகிச்சைக்கும் தேவையான சத்திரசிகிச்சைக்கும் அனுப்பப்பட்டார், சமூகத்தில் தன் பாலின வகிபாகத்தை மாற்றி வாழ்கிறார் என்ற பொருளில்தான் வாசகம் இருக்கும். சத்திரசிகிச்சை முடிந்தது என்ற வரி இல்லை. கவுண்டரில் "ஒப்பரேசன் முடிஞ்சுதா?" என்று கேட்டால், ஆம் இல்லை என்று வாதாடப் போக வேண்டாம். "ஐயா, இந்தப் படிவம் கேட்கிறதெல்லாம் நிரப்பியிருக்கு" என்று விரலை அந்த வரியில் வையுங்கள். உடம்பைப் பற்றிய கதை அங்கேயே நிற்கும்.

இனி ஐசி இலக்கம். பலர் பெயரைத்தான் பார்க்கிறார்கள், இலக்கத்தைப் பார்ப்பதில்லை. நம் ஐசி இலக்கத்துக்குள்ளேயே பால் ஒளிந்திருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வருகிற மூன்று இலக்கம், வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 1998 மே 14 இல் பிறந்தவர் ஆண் என்றால் 135, பெண் என்றால் 635. பழைய ஐசியில் 98635 என்று தொடங்கும், புதிய 12 இலக்க ஐசியில் 1998635 என்று தொடங்கும். பெயர் ஆண் பெயர், படம் ஆணின் படம், இலக்கம் மட்டும் 635 என்றிருந்தால் இலக்கம் தெரிந்த எந்தக் கிளார்க்கும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அட்டை கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே அந்த மூன்று இலக்கத்தைப் பாருங்கள். பழையபடி இருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம், அங்கேயே எழுத்தில் முறையிடுங்கள்.

பாடுமீன்77

அண்ணன், ஜிஎஸ் (கிராம சேவகர்) கையொப்பம் இல்லாமல் ஐசி விண்ணப்பம் நகராதே? ஜிஎஸ் வாய் திறந்தால் அன்றைக்கே முழு ஊருக்கும் தெரிந்துவிடும். பயமே அதுதான்.

கச்சேரிக்காரன்

உண்மை. அதனால்தான் ஜிஎஸ்ஸிடம் கடைசியாகப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் திருத்தம் கையில் இருக்கும்போது போனால் அவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுமில்லை. இந்த ஆள் இந்தப் பிரிவில் குடியிருக்கிறார் என்று உறுதிப்படுத்துவது மட்டும்தான் அவர் வேலை. சான்றிதழுக்கு முன்னமே போய் "எனக்கு இப்படியிருக்கு, என்ன செய்யலாம்?" என்று ஆலோசனை கேட்டால், கந்தோர் வேலையை ஊர்க் கதையாக நீங்களே மாற்றிக் கொடுத்ததாகிவிடும். மக்கள் சந்திப்பு நாளில் வரிசையில் நின்று சொல்லாதீர்கள். வேறு நாளில், இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட வருகிறவர் பேச வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். சாட்சி இருக்கும் இடத்தில் வாய் கொஞ்சம் அடங்கும்.

இன்னும் இரண்டு சின்ன விசயம். ஐசிக்கான படத்தைப் பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், அங்கேயிருந்து நேரே திணைக்களத்துக்குப் போகும். காது தெரிய வேண்டும், முகத்தில் முடி விழக்கூடாது. ஆகவே முடி வெட்டிக்கொண்டு, எந்தச் சட்டையில் வாழப்போகிறீர்களோ அந்தச் சட்டையில் போய் எடுங்கள். மற்றது புதுப் பெயர். பழைய பெயரின் முதல் எழுத்திலேயே தொடங்கினால் கையொப்பம் பெரிதாக மாறாது, வங்கியில் பாதி இழுபறி குறையும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஐசியிலும் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தமிழில் "ஷ" எழுதும் பெயரென்றால் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவெடுங்கள்.

நெறியாளர்

இதற்குக் கீழே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. மதத்தை வைத்து ஏச வருகிறவர்கள் வேறு இடம் பார்க்கவும்.

வார்ட்_பன்னிரண்டு

மனநல வைத்தியர் கையொப்பம் என்றதும் வீட்டில் "பார், இது மனநோய்தான்" என்று பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தலின் பதினோராவது பதிப்பு 2019 இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்த விடயத்தை மனநோய் அதிகாரத்திலிருந்து எடுத்துப் பாலியல் சுகாதாரம் சார்ந்த அதிகாரத்தில் வைத்துவிட்டார்கள். நம் நாட்டில் மனநல நிபுணரிடம் போவது படிவத்தில் அவர் கையொப்பம் கேட்கப்படுவதால்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், அம்பாறை, கல்முனைப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாளே "கடிதம் தாங்கோ" என்று கேட்டால் வைத்தியருக்கும் சங்கடம். பல தடவை பார்த்து, பேசி, எழுதி வைத்த பிறகுதான் கையொப்பம். இங்கே கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, கிளினிக் நாளைத் தவறவிடுவது. மற்றது, நிபுணர் இடமாற்றம் பெற்றுப் போவது. புதிதாக வருகிறவர் கொப்பியில் ஒன்றும் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே ஒவ்வொரு தடவையும் கிளினிக் கொப்பியில் திகதி, என்ன பேசப்பட்டது, வைத்தியரின் பெயர், பதவி முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள். வீட்டில் கொப்பியைக் கிழித்த இடங்களும் உண்டு.

டெஸ்டோஸ்டெரோன் (ஆண் ஹோர்மோன்) ஊசி பற்றிக் கொஞ்சம். அளவும் இடைவெளியும் வைத்தியர் இரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்வது, இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இவை தெரிந்திருக்க வேண்டும். மாதவிடாய் நிற்க சாதாரணமாக 1 முதல் 6 மாதம் ஆகும். குரல் கட்டியாகத் தொடங்கி முழுசாக மாற ஒன்று, இரண்டு வருடம் வரை போகும். தாடி முழுசாக வர 4, 5 வருடம். குரலும் தாடியும் வந்தால் வந்ததுதான், ஊசியை நிறுத்தினாலும் திரும்பாது. சீக்கிரம் தாடி வரட்டும் என்று கூடப் போட்டால் தாடி வேகமாக வராது. மிஞ்சிய டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதியை உடம்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றும், இரத்தமும் தடிக்கும். ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 வீதம் தாண்டினால் இரத்தம் கட்டுகிற அபாயம். அதனால்தான் முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். ஜிம்மில் விற்கிற ஊசியைத் தொடவே வேண்டாம், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

சஸ்டனோன் 250 என்ற மருந்து கச்சான் (நிலக்கடலை) எண்ணெயில் கரைத்தது. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த எண்ணெய் ஊசியையும் நம் வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திரியாதீர்கள், 30 பாகைக்குக் கீழே இருக்க வேண்டிய மருந்து.

லாப் றிப்போட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஐசி இன்னும் மாறாத ஆளுக்கு லாப் பெண்ணுக்கான எல்லையை அச்சடிக்கும். ஊசி தொடங்கிய பிறகு ஹீமோகுளோபின் 16 என்று வந்தால் "கூட" என்று அடையாளம் போட்டிருக்கும். ஆணுக்கான எல்லையில் அது சாதாரணம். விசயம் தெரியாத வைத்தியர் வேறு நோய் தேடப் போவார். றிப்போட்டைக் கொடுக்கும்போதே எத்தனை மாதமாக ஊசி போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஊசி கருத்தடை இல்லை. மாதவிடாய் நின்றாலும் கருத்தங்கலாம்.

பாடுமீன்77

பெண்களைப் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குத் திருநம்பியும் போக வேண்டுமா? அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே ஒருவரும் உள்ளே போக மாட்டார்களே.

வார்ட்_பன்னிரண்டு

கருப்பைக் கழுத்து இருக்கிற எல்லாரும் போக வேண்டும். 35 வயதிலும் 45 வயதிலும் அரச செலவில் பார்ப்பது புற்றுநோயை முன்கூட்டிப் பிடிப்பதற்கு. பெயர்ப்பலகைக்குக் கீழே பத்துப் பெண்களோடு வாங்கில் இருக்கத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, கிளினிக் முடிகிற நேரத்துக்கு வரலாமா என்று கேளுங்கள். ஊசி போடுகிறவருக்கு அந்த இடம் வரண்டிருக்கும், பரிசோதனை நோகும், எடுத்த மாதிரியும் சில வேளை போதாமல் போகும். சின்னக் கருவி பாவிக்கச் சொல்லுங்கள், ஊசி போடுவதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆய்வுகூடம் அந்தக் கலங்களைப் பார்த்து வீணாகச் சந்தேகப்படும்.

உறுதிக்கட்டு

எல்லாரும் ஆஸ்பத்திரியையும் கந்தோரையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கிழக்கில் இந்தப் பிரச்சினையின் வேர் வீட்டு உறுதியில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், கிடக்கிறது.

நம் பக்கம் வீடு பெண்ணுக்கு. தமிழர் வீடென்றாலும் முஸ்லிம் வீடென்றாலும் குமருக்கு (கலியாணமாகாத மகளுக்கு) வீடு கட்டி, சீதனமாக எழுதி, மருமகன் வந்து அந்த வீட்டில் இருப்பதுதான் வழக்கம். அண்ணன் தம்பிமார் மத்திய கிழக்குக்குப் போய் உழைப்பதே தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட. அந்தத் தங்கச்சி "நான் தம்பி" என்று சொன்ன நாளில் கட்டி முடித்த வீடொன்று ஆளில்லாமல் நிற்கிறது. வெளியே "மானம் போச்சு" என்று அழுவார்கள். உள்ளே ஓடுகிற கேள்வி வேறு: அந்த வீடு இனி யாருக்கு? அடுத்த குமரா? உழைத்த அண்ணனா? கலியாணம் பேசிப் பேசி நெருக்குவதிலும் பாதி, உறுதியை ஒரு பக்கம் முடித்து வைக்க வேண்டும் என்ற அவசரம்.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். அடையாளத்தைப் பற்றிப் பேசுகிற நாளில் வீட்டைப் பற்றிப் பேசாதீர்கள். வீட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு முன்மொழிவோடு போங்கள். பெற்றோருக்குச் சீவிய உரித்தை வைத்து நன்கொடை உறுதி எழுதலாம். அவர்கள் சாகும்வரை அவர்களை அந்த வீட்டிலிருந்து எழுப்ப முடியாது என்று எழுத்தில் கண்டவுடன் பாதிக் கோபம் இறங்குவதுண்டு. அல்லது வளவைப் பிரித்து இளையவளுக்கு வீட்டுப் பக்கத்தையும் இவருக்கு வெறுங்காணியையும் எழுதலாம்.

ஏற்கெனவே பழைய பெயரில் உறுதி முடிந்திருந்தால் "பால் மாறியவுடன் சீதனம் செல்லாது" என்று பயமுறுத்துவார்கள். அப்படியொன்றுமில்லை. உறுதி அந்த ஆளுக்கு எழுதியது, ஆள் மாறவில்லை. நொத்தாரிசிடம் போய் பழைய பெயர், புதுப் பெயர், இரண்டு ஐசி இலக்கம், திருத்திய பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் விவரித்து ஒரு பிரகடன உறுதி முடித்து, அதே காணியின் பதிவுப் பக்கத்திலேயே காணிப் பதிவகத்தில் பதியுங்கள். இதைச் செய்யாமல் பத்து வருடம் கழித்து விற்கப் போனால், வாங்குகிறவரின் சட்டத்தரணி "இந்தப் பெண் எங்கே, கையொப்பம் வேண்டும்" என்று நிற்பார்.

அம்பாறையில் நிறையக் காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. அதில் பின்னுரித்தாளர் என்று பழைய பெயர் பதிந்திருந்தால் அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் அதைத் திருத்துங்கள். செத்த பிறகு திருத்தப் போவது வழக்குக்குப் போவது.

உறுதி ஒன்றும் எழுதாமல் பெற்றோர் இறந்தால் மட்டக்களப்புத் தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம் இல்லை. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்குச் சமபங்கு, ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. முஸ்லிம்களுக்கு வேறு, அங்கே பங்கு பாலைப் பொறுத்து மாறும். அதைக் காத்தநகர் ஆட்கள் எழுதட்டும்.

இன்னொன்று, வேடிக்கையாகத்தான் தோன்றும். குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழி. தாயின் குடி மகளுக்கும் மகனுக்கும் ஒன்றுதான். ஐசியில் என்ன மாறினாலும் குடி மாறாது. கோயிலில் குடி வரிசை கேட்டுக் குழப்புகிறவரிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் யோசிப்பார்.

காத்தநகர்

உறுதிக்கட்டு எழுதியது சரி. எங்கள் பக்கம் மகனுக்கு இரண்டு பங்கு மகளுக்கு ஒன்று என்பதால், பால் மாறியவர் கூடப் பங்கு கேட்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று சகோதரர்கள் சந்தேகப்படுவார்கள். பங்கு விசயத்தில் பழையபடி ஒன்றே போதும் என்று எழுதிக் கொடுக்கத் தயார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது புத்தி. உரிமையை விட்டுக்கொடுப்பதா என்று கேட்பார்கள். வீட்டுக்குள் வாழ ஒரு இடம் வாங்குகிற விலை அது. எல்லாரும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இங்கே கட்டாயக் கலியாண ஆபத்தும் கூட. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதியும்போது மணமகள் கையொப்பமிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வலி (மணமகளின் ஆண் பொறுப்பாளர்) ஒப்பினால் காரியம் நடக்கும். ஆகவே "நான் கையொப்பம் வைக்க மாட்டேன்" என்று நம்பிக்கொண்டிருந்தால் போதாது. சம்மதமில்லை என்று பகுதிப் பதிவாளருக்கும் காதியாருக்கும் (முஸ்லிம் விவாக நீதிபதிக்கும்) முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள். நேரில் கொடுக்கப் பயமென்றால் பதிவுத் தபால், அந்தத் துண்டு பத்திரம்.

மார்க்க வாதத்துக்கு ஈரான் பத்வாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கொமெய்னி அனுமதித்தது உண்மை, இங்கே எடுபடாது. அதைச் சொன்னவுடன் கதை ஷீஆப் பக்கம் திரும்பிவிடும். வாப்பாவிடம் மார்க்கம் பேசி வெல்வதை விட, உம்மாவின் தங்கச்சி ஒருத்தியைப் பிடிப்பது லேசு. வீட்டில் முதலில் மாறுவது அழைக்கிற சொல். சின்னவன் "தாத்தா" (அக்கா) என்று கூப்பிட்டதை "காக்கா" (அண்ணன்) என்று மாற்ற, பெரியவர்கள் ஏச, அவன் மறுபடி "தாத்தா" என்பான். அவனைத் திருத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று இடையில் ஒரு வருடம் விடுங்கள். பெயர் பழகினால் காக்கா தானாக வரும்.

கல்லடிக்காற்று

மார்பைத் தட்டையாகக் காட்டப் போடுகிற நெஞ்சுக் கட்டு பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஏப்ரல், மே வெயிலில் இதுதான் முதலில் ஆளை விழுத்துகிறது.

பார்மசியில் விற்கிற க்ரேப் பேண்டேஜால் சுற்றவே கூடாது. அது சுளுக்குக்குச் செய்தது, மூச்சு விட விட இறுகும். விலா நோகும், சில நேரம் முறியும். இதற்கென்று தைத்த பைண்டரென்றால் நெஞ்சின் அகலமான இடத்தை நாடாவால் அளந்து சரியான அளவு எடுங்கள், தட்டையாகட்டும் என்று ஒரு அளவு குறைத்து எடுக்காதீர்கள். 8 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதோடு படுக்கக் கூடாது, பாரம் தூக்குகிற வேலைக்குக் கூடாது. கழற்றியதும் ஆழமாக நாலு மூச்சு எடுத்து இருமுங்கள். உள்ளே மெல்லிய பருத்திப் பெனியன் போட்டால் வேர்க்குருவும் தேமலும் குறையும். இரண்டு வைத்துக்கொண்டு மாறி மாறித் துவையுங்கள், ஈரத்தோடு போடுவதால்தான் தோல் புண்ணாகிறது. மேலே கட்டம் போட்ட, கொஞ்சம் தொளதொள சட்டை. மெல்லிய வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும்.

கோயில். மேற்சட்டை கழற்றச் சொல்கிற இடத்தில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டுகிற டேப் வியர்வையில் பிரியும், திருவிழாக் கூட்டத்தில் அதை நம்ப முடியாது. வெளிவீதியில் நின்று கும்பிட்டால் சட்டையோடு நிற்கலாம், தேரும் அங்கேதான் வரும். சத்திரசிகிச்சைத் தழும்பு இருக்கிறவர் சால்வையை இரண்டு தோளிலும் முன்னால் தொங்கவிட்டால் தெரியாது. யாரும் கேட்டால் நெஞ்சில் ஒப்பரேசன் என்று சொல்வது பொய்யும் இல்லை.

செத்த வீடு இன்னும் சிக்கல். கொள்ளி யார் வைப்பது என்ற கதையைப் பாடைக்குப் பக்கத்தில் நின்று முதன்முதலாகத் தொடங்கினால் தோல்விதான். தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும்போது அவர்கள் வாயாலேயே நாலு பேர் முன்னால் சொல்ல வைத்திருக்க வேண்டும். செத்தவர் சொன்ன சொல்லை மீறப் பெரியவர்கள் துணிய மாட்டார்கள்.

மண்முனையான்

பேய் பிடித்திருக்கு என்று பூசாரியிடம் கொண்டுபோகிறார்களே, அதை எப்படிச் சமாளிப்பது? மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊர் என்று பெயர் வாங்கினது நாங்கள்தானே.

சட்டக்கொப்பி

நூல் கட்டுவது, தேசிக்காய் வெட்டுவது என்றால் உட்கார்ந்து எழும்பி வந்துவிடலாம், அம்மாவுக்கு ஒரு ஆறுதல். அடிப்பது, புகை போடுவது, அடைத்து வைப்பது தொடங்கினால் அது குற்றம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெற்றோர், சகோதரருக்கு எதிராகவும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பால் என்ன என்று அந்தச் சட்டம் கேட்காது. 18 வயது தாண்டியவரை அறையில் பூட்டி வைத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட நண்பராலும் முடியும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மேல் நீதிமன்றம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

பொலிஸ் பக்கம். ஆண் உடுப்புப் போடுவது குற்றமில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவை, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியது என்று, காட்டிப் பயமுறுத்துவார்கள். அந்தப் பிரிவுக்கு ஒருவரை ஏமாற்றிப் பொருளையோ வேறொன்றையோ பெற்றிருக்க வேண்டும், உடுப்பு மட்டும் போதாது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டமும் இப்படித்தான் இழுபடுகிறது. ஒருபாலுறவைத் தண்டிக்கப் பாவிக்கிற 365, 365அ பிரிவுகள் செயலைப் பற்றியவை, அடையாளத்தைப் பற்றியவை அல்ல. 2023 மேயில் அந்தப் பிரிவுகளை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறியதாக நினைத்துக்கொண்டு பொலிஸில் வாதாடாதீர்கள்.

அரச உத்தியோகத்தர் கேவலப்படுத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி 1996. மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனையில் பிராந்தியக் கந்தோர் உண்டு. இங்கே கெடுவது நாள் கணக்கில். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்று காட்டும் கடிதமும் வாங்கி வையுங்கள்.

தனியார் கடை, கொம்பனி என்றால் ஆணைக்குழு தலையிடாது. வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும். "நீயே விலகிறன் எண்டு எழுதித் தா, சேர்டிபிகேட் நல்லதாத் தாறம்" என்பார்கள். எழுதினால் வழக்கே இல்லை.

மண்முனையான்

இவ்வளவு இழுபறியை விடக் கொழும்புக்குப் போய்விடுவது லேசு இல்லையா?

வாவிக்கரை

அறையெடுக்கவும் ஐசி கேட்பார்கள். பிறப்புப் பதிவு இங்கேதான் கிடக்கிறது, வீட்டு உறுதியும் இங்கேதான். ஊரை விட்டால் ஊர்க் கதை கேட்காது, அது உண்மை. ஆனால் கடதாசிக்கு எப்படியும் திரும்பி வர வேண்டும். முதலில் கடதாசியை முடித்துவிட்டுப் போகிறவருக்குப் போகிற இடத்தில் வாய் திறக்கவே தேவை வராது.

பாடுமீன்77

சாதாரண தர, உயர் தரப் பெறுபேற்றுப் பத்திரம் பழைய பெயரில் இருக்கிறதே?

கச்சேரிக்காரன்

பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதுங்கள். அது முடியும்வரை வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு கட்டு தயார் செய்து வையுங்கள்: பழைய பெறுபேறு, திருத்திய பிறப்புச் சான்றிதழ், இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று ஜேபி (சமாதான நீதவான்) முன்னால் முடித்த சத்தியக்கடதாசி. பெண்கள் பாடசாலையில் படித்தவரென்றால் பாடசாலையின் பெயரே காட்டிக் கொடுக்கும். அதை மறைக்க வழி இல்லை, அந்தக் கடதாசிக் கட்டை மேலாளரிடம் மட்டும், மூடிய உறையில் கொடுங்கள். கவுண்டரில் விரித்து வைக்காதீர்கள். நேமலாப நிதியில் பழைய ஐசி இலக்கத்தில் சேர்ந்த காசைப் புது இலக்கத்தோடு இணைக்கத் தொழிற் திணைக்களத்துக்குத் தனியாக எழுத வேண்டும், கொம்பனி செய்யும் என்று இருந்துவிடாதீர்கள்.

மண்முனையான்

"நேமலாப" இல்லை, சேமலாப. அது கிடக்க, நீங்கள் மேலே சொன்ன ஐசிக் கணக்கு எனக்குப் பிழைக்குதே. 1998 மே 14 ஐ நாட்காட்டியில் எண்ணினால் 134 தான் வருகிறது, 135 இல்லை.

கச்சேரிக்காரன்

கை தவறிவிட்டது, சேமலாபம்தான். கணக்கு சரி. ஐசியில் பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் கணக்கு, லீப் வருடமோ இல்லையோ. 31, 29, 31, 30 கூட்டினால் 121. அதோடு 14, 135. மார்ச் 1 முதல் பிறந்த எல்லாருக்கும் சாதாரண வருடத்தில் இந்த ஒரு நாள் கூடத்தான் வரும். புது அட்டையைச் சரிபார்க்கும்போது நாட்காட்டியை வைத்து எண்ணாமல், பழைய ஐசியின் மூன்று இலக்கத்திலிருந்து 500 ஐக் கழித்துப் பாருங்கள். அது வந்தால் சரி.